முன்னிலையில் இட்ட கையெழுத்து

எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓர் அம்மையார், கணவர் காலமாகி மூன்று மாதம் ஆன சமயத்தில், குடும்ப ஓய்வூதியத்துக்கான காகிதங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். கணவருடைய உத்தியோகப் பதிவேட்டில் அவர் பெயர் லட்சுமி என்றும், ஆதார் அட்டையில் லெட்சுமி அம்மாள் என்றும், வங்கிப் புத்தகத்தில் தகப்பனார் பெயரின் இனிஷியலோடும், வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் இனிஷியலோடும் பதிவாகியிருந்தபடியால், இந்த நான்கு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதற்கு நோட்டரியின் அத்தாட்சி பெற்று வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நோட்டரி போட்டுக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க தம்பி. அது ஆளா, காகிதமா, முத்திரையா, எனக்கு ஒண்ணும் வெளங்கலை" என்றார்.

அந்தக் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. படித்தவர்களிலும் பலர், நோட்டரி என்றால் சிவப்பு மையில் பதிந்த ஒரு வட்ட முத்திரை என்றும், அது பதிந்த காகிதத்தில் எழுதியிருப்பதெல்லாம் அரசாங்கமே ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடும் என்றும் எண்ணிக்கொண்டிருப்பதையும், அந்த எண்ணத்தின் பலத்தில் மனையையும் பணத்தையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருந்துவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகையால் அந்த அம்மையாரோடு நானும் புறப்பட்டேன். அன்று கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் இவ்விஷயத்தில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கேள்விக்கு விடை. நோட்டரி என்பவர் ஓர் ஆள். பத்திரத்தில் கையெழுத்திடுபவர் இன்னார்தாம் என்று தெரிந்துகொண்டு, அவர் தம் கண்ணெதிரிலேயே கையெழுத்திட்டார் என்பதற்கு, அல்லது எழுதியிருப்பது சத்தியம் என்று தம் எதிரில் பிரமாணம் செய்தார் என்பதற்கு, அரசு கொடுத்த அதிகாரத்தோடு சாட்சி சொல்லும் வக்கீல் அவர். பத்திரத்திலுள்ள சங்கதி மெய்யா பொய்யா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

எழுத்துக்குச் சாட்சி தேடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் சுந்தரருடைய மணப்பந்தலுக்குள் முதிய வேதியர் ஒருவர் ஓலையோடு நுழைந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று வாதாடியதும், சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்ததும், கிழிந்தது படியோலைதான், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுவேன் என்று முதியவர் சொன்னதும் தமிழர் நன்கு அறிந்த கதை. அவ்வூர் அவையார், வந்தவர் கோலத்தைக் கண்டு நம்பிவிடவும் இல்லை. மணமகன் கோபத்தைக் கண்டு தள்ளிவிடவும் இல்லை. மூல ஓலையை வாங்கிப் பார்த்தார்கள். சுந்தரருடைய பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டிலும் உள்ள எழுத்தை ஒப்பு நோக்கினார்கள். அதன் பிறகே முடிவு சொன்னார்கள். படி எது, மூலம் எது, எழுத்து யாருடையது என்று அந்த அவை கேட்ட கேள்விகளே இன்றைக்கும் நோட்டரியின் மேஜையில் கேட்கப்படுகின்றன. நம் கல்வெட்டுகளிலும், ஆவணத்தின் முடிவில் இன்னார் எழுத்து, இன்னார் எழுத்து என்று சாட்சிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். எழுதத் தெரியாதவர் இட்ட அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். பிற்காலத்தில் அச்சொல் எழுத்தறியாதவரை இகழும் சொல்லாகத் தாழ்ந்துபோனது வருந்தத்தக்கது. கீறலாயினும் அது அவர் கைப்பட இட்டது. சாட்சியின் முன்னிலையில் இட்டபோது அதற்கும் கையெழுத்தின் மதிப்பு இருந்தது.

நோட்டரி என்ற பதவி மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் முற்காலத்தில் போப்பாண்டவரின் அதிகாரத்தால் நடந்த நோட்டரி நியமனம், 1533ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்துச் சட்டத்தால் கான்டர்பரி பேராயரிடம் சென்றது. அவருடைய நீதிசபையிலிருந்தே இந்தியாவில் தொழில் புரிந்த நோட்டரிகளும் நியமனம் பெற்று வந்தார்கள். உண்டியல், பிராமிசரி நோட்டு முதலிய வியாபாரப் பத்திரங்களின் காரியத்துக்காக மட்டும், 1881ஆம் ஆண்டின் செலாவணி முறி ஆவணச் சட்டம் இந்நாட்டு அரசாங்கமே நோட்டரிகளை நியமிக்க இடம் கொடுத்தது. சுதந்திரம் பெற்ற நாட்டின் பத்திரங்களுக்கு அத்தாட்சி அளிப்பவர் கடல் கடந்த ஒரு பேராயரிடம் அதிகாரம் பெற்றிருப்பது பொருந்தாது என்ற எண்ணத்தின் மேல், பாராளுமன்றம் 1952ஆம் ஆண்டில் நோட்டரிகள் சட்டத்தை இயற்றியது. 1956 பிப்ரவரி 14ஆம் நாள் அது அமலுக்கு வந்தது. பழைய 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோட்டரிகளைப் பற்றிப் பேசிய 138ஆம் பிரிவு அப்போது நீக்கப்பட்டு, வெற்றிடமாகக் கிடந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த இடத்தில்தான், பணமின்றித் திரும்பும் காசோலைக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு வந்து அமர்ந்தது. இன்று கடைவீதியில் 138 என்றால் எல்லாரும் அறிவது அதையே.

மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே நோட்டரிகளை நியமிக்கின்றன. பொதுவாகப் பத்து ஆண்டுகளாவது வக்கீல் தொழில் செய்தவரே இதற்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு ஆண்டு போதும். ஒவ்வொருவருக்கும் இன்ன பகுதி என்று எல்லை வரையறுத்து, ஐந்து ஆண்டுக்குத் தொழில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பின்னர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவருடைய முத்திரையைப் பற்றிக்கூட விதி உண்டு: ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக, அவர் பெயரும், அவருக்குரிய பகுதியும், நோட்டரி என்ற சொல்லும், நியமித்த அரசின் பெயரும் அதில் இருக்கவேண்டும். கையெழுத்தும் முத்திரையும் இரண்டும் சேர்ந்தால்தான் அது நோட்டரியின் செயலாகச் சட்டத்தின் கண்ணில் நிற்கும். ஒன்று குறைந்தாலும் நிற்காது. ஆகையால், பத்திரத்தை வாங்கிக்கொண்டு படியிறங்குமுன், முத்திரையிலுள்ள பெயரும் பகுதியும் தெளிவாகப் படிக்கும்படி பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மை பரவி ஒரு சிவப்புத் திட்டாக நிற்கும் முத்திரையால், பின்னால் அந்த நோட்டரியைத் தேட நேரும்போது, யாதொரு பிரயோஜனமும் இராது.

அவருடைய கடமைகள் நாம் நினைப்பதைவிட விரிந்தவை. பிரமாணம் செய்விப்பது, பத்திரம் நிறைவேறியதற்கு அத்தாட்சி தருவது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்து அந்தப் பெயர்ப்பைச் சரியென்று உறுதிசெய்வது, கோர்ட்டு பணித்தால் கமிஷனராக இருந்து சாட்சியம் பதிவது ஆகியவற்றோடு, கடல் வாணிபத்தைச் சேர்ந்த ஒரு பழைய கடமையும் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. புயலில் அடிபட்டு வந்த கப்பலின் தலைவர், துறைமுகம் சேர்ந்ததும், சரக்குக்கு நேர்ந்த சேதம் கடலின் சீற்றத்தால் நேர்ந்ததேயன்றித் தம் மாலுமிகளின் அசட்டையால் அன்று என்று நோட்டரியின் முன்பு ஆட்சேபம் பதிவுசெய்து வைக்கலாம். கரை கண்ட உடனே, நினைவு மங்குமுன், சொல்லை ஒரு நடுநிலையாளன் முன்னிலையில் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற கடலோடிகளின் அந்த அனுபவத்திலேதான் இந்தத் தொழிலின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இனிப் பத்திரத்தைத் தயார் செய்யும் முறை. எங்கள் அம்மையார், யாரோ சொன்ன யோசனையின்பேரில், முத்திரைத்தாள் ஒன்றை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த நோட்டரி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முத்திரைத்தாளே வேண்டாமே அம்மா" என்றார். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்திலேயே, ஓய்வூதியமோ தரும உதவித்தொகையோ பெறுவதற்காக மட்டும் எழுதும் பிரமாணப் பத்திரத்துக்கும், கோர்ட்டில் உடனே தாக்கல் செய்வதற்காக எழுதுவதற்கும் முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்கு உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே ஏழை விதவையை எண்ணிச் சட்டம் செய்தவர்கள் வைத்த இந்தச் சலுகை, அதற்கு உரியவர் காதுக்குப் போய்ச் சேராமலே இருக்கிறது. மற்றக் காரியங்களுக்கு முத்திரைத்தாள் வேண்டும். அதன் மதிப்பை மாநில அரசு அவ்வப்போது மாற்றுகிறபடியால், பழைய வழக்கத்தை நம்பாமல், இன்றைக்கு எவ்வளவு என்று விசாரித்தே வாங்க வேண்டும். வாங்கி ஆறு மாதம் கடந்த முத்திரைத்தாள் செல்லாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கலாம். அது தவறு. ஆறு மாதம் என்பது, பயன்படாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கு வைத்த கெடு மாத்திரமே. தாள் காலாவதியாவதில்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கிரய ஒப்பந்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் சொல்லியிருக்கிறது.

பிரமாணப் பத்திரத்தில், கையெழுத்திடுபவர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, விலாசம் ஆகியவற்றை முதலில் எழுதி, பிறகு சங்கதிகளை ஒவ்வொரு பத்தியாக, பத்திக்கு ஒரு விஷயமாக, எண்ணிட்டு எழுதுவது முறை. தமக்கு நேரே தெரிந்தது எது, பிறர் சொல்லக் கேட்டு நம்புவது எது என்று பிரித்துச் சொல்லவேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தட்டச்சுக்காரர்களிடமும், எந்த ஊர்க் கோர்ட்டு வாசலிலும் இருக்கும் எழுத்தர்களிடமும் ஆயத்தமான வாசகங்கள் உண்டு. பெயரை மட்டும் மாற்றி ஐந்து நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். அவசரத்துக்கு உதவுகிறவர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். நம் காரியத்துக்கு வேண்டாத இரண்டு வாக்கியம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கும். நமக்குத் தெரிந்த மொழியில், தமிழிலேயே, எழுதச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம் ஆகையால், தாம் படித்தறியாத வாசகத்துக்குக் கீழே ஒருவர் கையெழுத்திடுவது, பிறர் சொல்லுக்குத் தம் தலையைப் பிணை கொடுப்பதாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: பத்திரத்தை வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோகக் கூடாது. கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு, நோட்டரியின் எதிரில் அமர்ந்து, அவர் பார்க்கும்போது இடவேண்டும். அவர் அத்தாட்சி சொல்வது இந்த ஒரு காட்சிக்குத்தான். காணாத காட்சிக்குச் சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கேட்பது நமக்கும் அடாது, அவருக்கும் அடாது. மகன் கையெழுத்திட்ட தாளைத் தகப்பனாரும், முதலாளியின் தாளைப் பணியாளரும் கொண்டுபோய் முத்திரை வாங்கி வருகிற பழக்கம் சர்வசாதாரணமாகிவிட்டது என்பதை நான் அறிவேன். வழக்கு ஒன்று வந்து, கையெழுத்திட்டவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று எதிர்த்தரப்பு ரயில் சீட்டைக் காட்டும்போது, அந்தப் பத்திரம் என்ன கதியாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அடையாளத்துக்கு ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை முதலியவற்றில் ஒன்றின் மூலத்தையும் நகலையும் எடுத்துச் செல்லவேண்டும். நோட்டரிக்கு நம்மை முன்பின் தெரியாதபோது, தெரிந்த வக்கீல் ஒருவர் அடையாளம் காட்டிக் கையெழுத்திடுவதும் வழக்கம். பத்திரம் பல பக்கமானால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் அருகிலும் இடவேண்டும். கடவுள் பெயரால் ஆணையிட விருப்பமில்லாதவர், உளமார உறுதி கூறுகிறேன் என்று சொல்ல 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இடங்கொடுக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு, அவர் அறிந்த மொழியில் வாசித்து விளக்கி, விளங்கிக்கொண்டார் என்பதையும் எழுதி, பெருவிரல் ரேகை பெறுவது நல்ல நோட்டரிகளின் அனுஷ்டானம்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு காரியம் மிஞ்சி நிற்கிறது. மக்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு நோட்டரியும் விதிப்படி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். தேதி, வரிசை எண், பத்திரத்தின் தன்மை, கையெழுத்திட்டவர் பெயர், வாங்கிய கட்டணம் ஆகியவற்றை எழுதி, வந்தவருடைய கையெழுத்தையும் அதில் வாங்கவேண்டும். பத்திரம் நம்மிடம் போய்விடுகிறது. காணாமல் போகலாம், கிழிந்து போகலாம், இல்லை என்று பிறர் சாதிக்கலாம். அந்த நாளில் அந்த இடத்தில் நாம் இருந்தோம் என்பதற்கு நிலையாக இருப்பது அந்தப் பதிவேட்டு வரிதான். ஆகையால் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்காத நோட்டரியிடம், மரியாதையாகவே, பதிவேட்டில் எழுதவேண்டாமா ஐயா என்று கேட்டுவிடுவது உத்தமம். கட்டண விகிதம் அலுவலகத்தின் உள்ளும் புறமும் எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்பதும், வாங்கிய தொகைக்கு ரசீது கொடுக்கவேண்டும் என்பதும் விதியிலேயே உள்ளவை. ரசீது கேட்பதைச் சண்டையாக எண்ணுகிற மனோபாவம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட்டுவிட வேண்டும்.

நகலுக்கு அத்தாட்சி பெறுவது இதைவிட எளிது. மூலத்தையும் ஜெராக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோனால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இடுவார். மூலம் இல்லாமல் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவது வீண் அலைச்சல்.

இப்போது, நோட்டரியின் அத்தாட்சியால் ஆகாத காரியங்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் சாதாரண மக்கள் நஷ்டமடைவது இந்த இடத்தில்தான். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் பத்திரம், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நோட்டரியின் முத்திரை எத்தனை பெரிதாக இருந்தாலும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. மனைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஒரு கிரய ஒப்பந்தமும் ஒரு பொது அதிகாரப் பத்திரமும் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நிலம் நம்முடையதாயிற்று என்று நிம்மதியாக இருந்தவர்கள் அநேகர். அவ்விதப் பத்திரங்களால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தது. இதோடு சேர்த்து அறியவேண்டிய இன்னொன்று: தமக்குப் பதிலாகப் பத்திரத்தைப் பதிவுக்கு ஒப்படைக்க இந்தியாவில் வசிப்பவர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால், அந்த அதிகாரப் பத்திரத்தைப் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னிலையிலேயே எழுதிக்கொடுத்து அத்தாட்சி பெறவேண்டும், நோட்டரியின் அத்தாட்சி அதற்குப் போதாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கோ, அந்நாட்டு நோட்டரியின் முன்னோ இந்தியத் தூதரக அதிகாரியின் முன்னோ கையெழுத்திட்டால் போதும் என்று அதே சட்டம் கூறுகிறது.

வாடகை ஒப்பந்தம் மற்றோர் உதாரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்பதால், பதினோரு மாதத்துக்கென்று எழுதி நோட்டரியிடம் காட்டிவிடுவது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதோடு வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும் என்கிறது. வீடு மாறுகிற அவசரத்திலும் இதை மறவாதிருப்பது இரு தரப்புக்கும் நல்லது. திருமணமும் அப்படியே. நோட்டரியின் எதிரில் ஒரு தாளில் கையெழுத்திட்டு விவாகம் ஆயிற்று என்றும், மற்றொரு தாளில் கையெழுத்திட்டு விவாகம் ரத்தாயிற்று என்றும் நம்பி, இளம் பெண்கள் பின்னால் சட்டத்தின் துணை இல்லாமல் நின்ற சோகங்கள் கொஞ்சமல்ல. நோட்டரிகளுக்கு அவ்வித அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் அவர்களுக்கே அறிவிப்பு அனுப்ப நேர்ந்தது.

கடல் கடந்து செல்லும் காகிதங்களுக்கு இன்னும் சில படிகள் உண்டு. நோட்டரியின் கையெழுத்து இன்னாருடையது என்று வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாதல்லவா? ஆகவே பத்திரத்தின் வகைக்கேற்ப மாநில அரசின் துறையிலோ வேறு உரிய இடத்திலோ முதலில் சரிபார்ப்புப் பெற்று, பின்னர் வெளியுறவு அமைச்சகத்தில் அப்போஸ்டில் என்ற வில்லையை ஒட்டிப் பெறவேண்டும். 1961ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அமைந்த ஏற்பாடு இது. இந்தியா 2005ஆம் ஆண்டிலிருந்து அதில் சேர்ந்திருக்கிறது. அமைச்சகத்துக்குச் சேரும் கட்டணம் பத்திரத்துக்கு ஐம்பது ரூபாய். அதற்கு மேல் முகவர்கள் கேட்பது அவர்களுடைய கூலி என்று தெரிந்தே கொடுக்கவேண்டும். உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு, அமைச்சகத்தின் அத்தாட்சிக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சியும் வேண்டும். எதிர்த்திசையில், சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகன் ஊரிலுள்ள தகப்பனாருக்கு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியாவில் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். உறை வந்த தேதியை அப்போதே குறித்து வையாமல், கெடுவைத் தவறவிடுவோர் பலர்.

இலங்கையில் உறவினர் உள்ளவர்கள் ஒரு பெயர்க் குழப்பத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல்லைத் தமிழாக்கி அங்கே நொத்தாரிசு என்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து நொத்தாரிசும் மதுரைக் கோர்ட்டு வாசலில் இருக்கும் நோட்டரியும் செய்யும் தொழில் ஒன்றல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் காணி கைமாறும் உறுதி, நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் நிறைவேறினால்தான் செல்லும். உறுதியை எழுதுகிறவரும் பொதுவாக அவரே. அங்கே காணி வாங்கிய பழக்கத்தில் இங்கேயும் நோட்டரி எழுதியதால் மனை கைக்கு வந்தது என்று ஒருவர் நம்பினால், அந்த நம்பிக்கைக்கு இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

நோட்டரியே தேவைப்படாத இடங்களும் இப்போது பெருகிவருகின்றன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு கொடுக்கும் உறுதிமொழிகளை வெற்றுத்தாளில் தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும் என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. வேலைக்கும் கல்லூரிக்கும் கொடுக்கும் நகல்களில் பெரும்பாலானவற்றுக்கு நம்முடைய சுய கையெழுத்தே போதும். நோட்டரி வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி, எந்த வாசகத்தில், முத்திரைத்தாளிலா வெற்றுத்தாளிலா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவது, இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அன்று அந்த நோட்டரி, பத்திரத்தைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லி, அம்மையாரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்டினார். மூன்றாவது பத்தி வந்தபோது அம்மையார் கையை உயர்த்தி, "அய்யா, அவர் வேலையில சேர்ந்தது சிவகங்கையில இல்லை, மானாமதுரையில" என்றார். அலுவலகம் கொடுத்த மாதிரித் தாளிலிருந்தே வந்த பிழை அது. அந்தப் பக்கம் புதிதாகத் தட்டச்சாகி வரும்வரை பத்து நிமிஷம் காத்திருந்தோம். பிறகு அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்திட்டார், பதிவேட்டிலும் இட்டார். மீதியிருந்த முத்திரைத்தாளை, ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று நோட்டரி சொன்னதும், மஞ்சள் பையிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்து, அந்தக் கெடுவையும், பதிவேட்டின் வரிசை எண்ணையும், என்னிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.